எந்த வாளைத் தீட்டுவது?

சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட ஒரு போர்க்களத்தின்மேல் விரலளவு வீரர்களையும் மந்திரவாதிகளையும் நகர்த்தி, அரும்பாடுபட்டு ஒரு சண்டையை வென்றபின், திரையில் தோன்றும் கொல்லுப்பட்டறையின் முன்னே, கையிலுள்ள சொற்பப் பணத்தையும் அதனினும் சொற்பமான இரும்பையும் யாருடைய ஆயுதத்துக்குச் செலவிடுவது என்று நிச்சயிக்க முடியாமல் நெற்றியைச் சுளித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாது அமர்ந்திருக்கும் இளைஞனை இன்று எந்த ஊரிலும் காணலாம். காரைக்காலும் அதற்கு விலக்கல்ல. பெரியவர்கள் அவனைப் பார்த்துப் பொழுதை வீணாக்குகிறான் என்கிறார்கள். பொழுது வீணாகிறதோ இல்லையோ, அவன் முன்னே நிற்கும் கேள்வி வீணான கேள்வி அன்று என்பதே என் அபிப்பிராயம். பொக்கிஷத்தில் பணம் குறைவாகவும் எல்லையில் ஆபத்து நிறைவாகவும் இருந்த காலங்களிலெல்லாம் மந்திரிகளும் சேனாதிபதிகளும் இதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இந்த வகை ஆட்டத்துக்கு ஸ்ட்ராட்டஜி ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். ஆடுபவர் ஒரு சிறு சேனைக்குத் தலைவர். சேனையில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர், குணம், குலம், கதை எல்லாம் உண்டு. இருபக்கத்தாரும் மாறி மாறி நகர்த்துவார்கள். ஒரு சண்டையில் பெற்ற அனுபவமும் பொருளும் அடுத்த சண்டைக்கு உடன்வரும். சதுரங்கத்தில் இந்த வளர்ச்சி கிடையாது. அங்கே யானை முதலிலிருந்து முடிவு வரை யானைதான், குதிரை குதிரைதான். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் ராணியாக உயர்வது ஒன்றே விதிவிலக்கு. அந்த விதிவிலக்கையே பொதுவிதியாக்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்தவர்கள் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர். 1974-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் வீரன் படிப்படியாக வளர்ந்தான். அவன் கைவாளும் சாதாரண வாளாக இருந்து, மந்திர பலம் ஒன்று கூடிய வாள், இரண்டு கூடிய வாள் என்று தரம் பெற்றது. ஜப்பானில் ஷோஸோ காகா என்பவர் வடிவமைத்து, 1990-ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்த ‘ஃபயர் எம்ப்ளம்’, அந்த வளர்ச்சியைக் கட்டம் போட்ட போர்க்களத்தோடு பிணைத்து, இன்றுள்ள பல ஆட்டங்களுக்கு மூலபுருஷன் ஆயிற்று. அதில் மாண்ட வீரன் மாண்டவனே. மறு சண்டையில் எழுந்து வரமாட்டான். ஆகையால் அதன் வழியில் வந்த ஆட்டங்களில் கொல்லனிடம் எடுக்கும் முடிவு ஓர் உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும்.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்து, அதே ஆண்டு அக்டோபரில் கணினிக்கும் வந்த ‘ட்ரையாங்கிள் ஸ்ட்ராட்டஜி’ என்ற ஆட்டம் நமக்கு இன்னும் சமீபமானது என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அதன் கதை உப்பைப் பற்றியது. ஒரு கண்டம், அதில் மூன்று தேசங்கள். ஒன்றின் வசம் இரும்பு, மற்றொன்றின் வசம் உப்பு. மூன்றாவதற்கு நதியும் வாணிபமும். கதை தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உப்புக்காகவும் இரும்புக்காகவும் மூவரும் ஒரு பெரும் யுத்தம் செய்து களைத்திருக்கிறார்கள். உப்பு ஒரு தேசத்தின் ஏகபோகமானால் மற்றத் தேசங்களின் கதி என்னவாகும் என்பதைக் கற்பனைக் கதையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இந்தக் காரைக்கால் கடற்கரைக்கு இல்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு இங்கிலாந்தும் பிரான்ஸும் செய்துகொண்ட 1815-ஆம் ஆண்டின் உடன்படிக்கை, பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் உப்பை ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாற்றியது. அடுத்த 1818-ஆம் ஆண்டின் உடன்படிக்கை உப்பளங்களையே மூடி, அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தது. தெற்கே இதே கடற்கரையில் உள்ள வேதாரணியத்தில் 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய வரலாற்றை எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். நிற்க.

‘ட்ரையாங்கிள் ஸ்ட்ராட்டஜி’யில் ஒவ்வொரு வீரனுக்கும் அவனுக்கே உரிய ஓர் ஆயுதம் உண்டு. அதை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது, கடையில் வேறு வாங்கி மாற்றவும் முடியாது; பாசறையில் இருக்கும் கொல்லரிடம் இரும்பு, மரம், நார் முதலிய மூலப்பொருள்களையும் பணத்தையும் கொடுத்து அந்த ஒரே ஆயுதத்தைச் சிறிது சிறிதாக மேம்படுத்தலாம், அவ்வளவே. ஒரு படியில் தாக்கும் பலம் ஒன்று கூடும். வேறொரு படியில் உடல் வலிமை கூடும். இன்னொரு படியில் புதிய வித்தை ஒன்று சித்திக்கும். சேனையில் முப்பது பேர் வரை சேரக்கூடும்; களத்தில் இறக்க முடிந்தவரோ அதில் ஒரு பகுதியினர். பொருள் எல்லோருக்கும் போதாது. இதைத்தான் இளைஞர்கள் ‘அப்கிரேடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவரின் மகன், “மாமா, யாருக்கு முதலில் அப்கிரேடு பண்ணுவது என்று கேட்டால் எல்லோரும் கதாநாயகனுக்குத்தான் என்கிறார்கள்; நான் அன்னாவுக்குப் பண்ணினேன்” என்றான். அன்னா என்பவள் வேவுக்காரி. உடல்வலிமையிலும் தாக்கும் பலத்திலும் மற்றவர்களுக்குப் பின்தங்கியவள். ஆனால் ஒரு முறையில் இரு செயல்களைச் செய்யவல்லவள் அவள் ஒருத்தியே. மற்றவர் கையில் ஒன்றாக இருக்கும் ஒரு புள்ளி, இருமுறை வெட்டுகிற கையில் இரண்டாகிறது. பையன் கணக்குப் போட்டிருக்கிறான் என்பது எனக்கு அப்போதே விளங்கிற்று.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசை ஆட்டங்களில் காயத்தின் அளவு வெறும் கழித்தல் கணக்கு: வீரனின் பலத்தோடு ஆயுதத்தின் பலத்தைக் கூட்டி, எதிரியின் தற்காப்பைக் கழித்தால் வருவது. வீரனின் பலம் 11, வாளின் பலம் 6, எதிரியின் தற்காப்பு 8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்கு 9 வீதம் எதிரியின் உயிர்ப்புள்ளி குறையும். எதிரிக்கு உயிர்ப்புள்ளி 20 இருந்தால் அவனைச் சாய்க்க மூன்று வெட்டு வேண்டும். வாளை ஒரே ஒரு புள்ளி கூர்மையாக்கினால் வெட்டு 10 ஆகிறது. இரண்டு வெட்டில் எதிரி விழுகிறான். ஒரு புள்ளிக்காகச் செலவிட்ட சிறு தொகை ஒரு முழு வெட்டை மிச்சப்படுத்தியது; அந்த வெட்டுக்குப் பதிலாக எதிரி திருப்பித் தரவிருந்த அடியையும் மிச்சப்படுத்தியது. மகிழ்ச்சி மிகுந்து, இதே வாளுக்கு இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று செலவிட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? 11 ஆனாலும், 15 ஆனாலும், 19 ஆனாலும் அவனைச் சாய்க்க வேண்டியவை அதே இரண்டு வெட்டுகள்தாம். ஒன்பது புள்ளிகளின் செலவு கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். பத்தாவது புள்ளி வந்து வெட்டு 20 ஆகும்போதுதான் மறுபடியும் விசேஷம் நிகழும். உயிர்ப்புள்ளி 27 உள்ள வேறோர் எதிரிக்கு முன்னாலோ, 9 ஆனாலும் 10 ஆனாலும் மூன்று வெட்டுகள். முதல் புள்ளியே பயனற்றது. எந்த வாள் சிறந்தது என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறவன் பணத்தை இழக்கிறான். அடுத்த களத்தில் எதிரே நிற்கப்போகிறவன் யார், அவன் எத்தனை வெட்டுக்கு விழுவான் என்று கேட்டுக்கொண்டு போகிறவன் பிழைக்கிறான்.

வேகத்துக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. அதே வரிசையில் 2019-ல் வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ என்ற பாகத்தில், எதிரியைவிட நாலு புள்ளி வேகம் கூடியவன் ஒரு முறைக்கு இரண்டு அடி அடிப்பான். மூன்று புள்ளி கூடியவனுக்கு ஒரே அடிதான். ஆயுதத்தின் கனமோ வேகத்தைக் குறைக்கும். பார்வைக்குக் கம்பீரமான எஃகு வாளை மெலிந்த கைகளில் கொடுத்து, அந்தக் கனத்தால் வேகம் ஒரு புள்ளி இறங்கி, இரண்டு அடி ஒன்றாகிப் போன பரிதாபத்தை அறியாமலே, இந்த வாள் ஏன் எதிர்பார்த்த அளவு வெட்டவில்லை என்று வியக்கிறவர்கள் பலர். அவர்களுக்குத் தகுந்தது கையிலிருந்த பழைய இரும்பு வாளைத் தீட்டிக்கொள்வதுதான். ஆனால் விலையுயர்ந்த பொருள் பெட்டியில் கிடக்கும்போது மலிவான பொருளைத் தீட்ட யாருக்கு மனம் வருகிறது?

கவசத்தின் கணக்கு இதற்கு நேர் எதிராக நடப்பது. ஆயுதத்தில் வரம்பைத் தாண்டியபின் கூட்டுவது விரயம் என்றால், கவசத்தில் ஏற்கெனவே நிறைய உள்ளவனுக்கு மேலும் கூட்டுவதே லாபம். எதிரியின் தாக்கும் பலம் 20; நம் சேனையில் ஒரு பழம்பெரும் காவல் வீரனுக்குத் தற்காப்பு 16, உயிர்ப்புள்ளி 30. அவன்மேல் விழும் ஒவ்வோர் அடியும் 4. எட்டாவது அடியில் சாய்வான். அவன் கவசத்துக்கு இரண்டு புள்ளி கூட்டினால் ஒவ்வோர் அடியும் 2 ஆகி, பதினைந்தாவது அடியில்தான் சாய்வான். அதே இரண்டு புள்ளியைத் தற்காப்பு 4, உயிர்ப்புள்ளி 24 உள்ள மந்திரக்காரிக்குக் கொடுத்தாலோ, முன்பு 16 ஆக விழுந்த அடி 14 ஆக விழும். முன்பும் இரண்டாவது அடியில் சாய்ந்தாள், இப்போதும் இரண்டாவது அடியிலேயே சாய்வாள். உள்ளவனுக்கே மேலும் கொடு, இல்லாதவனுக்குக் கொடாதே என்று சொல்கிற இந்தக் கணக்கு அறநூல்களுக்கு உடன்பாடானது அன்று; இதை முதன்முதலில் கேட்ட எந்த நல்ல மனமும் சற்றுத் துணுக்குறும். ஆனாலும் கணக்கு கணக்குத்தான். இதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எதிரியின் அடியெல்லாம் அந்தக் காவல் வீரன்மேலேயே விழவேண்டும். பல ஆட்டங்களில் எதிரிப் படை முட்டாள்தனமாக முன்னால் நிற்பவனைத் தாக்காமல், யார் மெலிந்தவர் என்று தேடிப்போய் அடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனை இரும்பால் மூடி நிறுத்திவைப்பது கோயில் வாசலில் துவாரபாலகரை நிறுத்துவதற்குச் சமானம். அவரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். ஒடுங்கிய வாயிலும் பாலமும் உள்ள களமா, எதிரியைச் சினமூட்டித் தன்பால் இழுக்கும் வித்தை அந்த வீரனுக்கு உண்டா என்று பார்த்த பிறகே கவசத்துக்குச் செலவிடவேண்டும்.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருவோம். காரைக்காலிலிருந்து எழுதுகிறவன் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஊரிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் திருநள்ளாறு. சூதில் நாட்டை இழந்து, மனைவியைக் காட்டில் பிரிந்து, உருவமும் மாறி அலைந்த நளன், அங்கே தீர்த்தமாடி ஈசனை வழிபட்டபோது சனியின் பிடி நீங்கிற்று என்பது தலபுராணம். அவன் பெயராலேயே நளதீர்த்தம் இன்றும் இருக்கிறது. சனிப்பெயர்ச்சிக்கு வரும் கூட்டம் ஊர் கொள்ளாது. மகாபாரதத்து வனபருவத்தில் இதே கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. அதை நம்மவர்கள் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாக மாறுவேடத்தில் இருந்த நளன் அவனை ஏற்றிக்கொண்டு காற்றாய்ப் பறக்கும்போது, வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னான். நளன் தேரை நிறுத்தி, இறங்கி எண்ணிப்பார்த்தான், சரியாக இருந்தது. உடனே தனக்குத் தெரிந்த அசுவ சாஸ்திரத்தை அவனுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, அவனிடமிருந்த கணக்கின் மர்மத்தையும் சூதின் மர்மத்தையும் பெற்றுக்கொண்டான். பிற்பாடு, முன்பு தன்னைச் சூதில் தோற்கடித்த புட்கரனோடு மறுபடி சூதாடி ராஜ்யத்தை மீட்டது அந்த வித்தையின் பலத்தால். புது வாளும் புதுப் படையும் தேடாமல், எந்த இடத்தில் தோற்றானோ அந்த இடத்துக்கு வேண்டிய ஒன்றையே அவன் தேடிப் பெற்றான்.

இருதுபன்னன் செய்த வேலையைத்தான் இந்த ஆட்டங்களில் நாமும் செய்யவேண்டியிருக்கிறது. வீசுகிற வாள் படுமா தப்புமா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று திரை நமக்குக் காட்டும். ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசையில் 2002-ல் வந்த பாகம் தொடங்கிப் பல பாகங்களில், காட்டுகிற எண் ஒன்று, நடக்கிற எண் வேறு. உள்ளே கணினி ஒரு சீட்டுக்குப் பதில் இரண்டு சீட்டு எடுத்து, இரண்டின் சராசரியைப் பார்க்கிறது. அதனால் பாதிக்கு மேற்பட்ட எண்கள் காட்டியதைவிட உயர்ந்தும், பாதிக்குக் கீழ்ப்பட்டவை காட்டியதைவிடத் தாழ்ந்தும் பலிக்கின்றன: 60 என்று காட்டினால் ஏறத்தாழ 68, 70 என்றால் 82, 90 என்றால் 98, 30 என்றாலோ 18 மட்டுமே. மனிதர்கள் நூற்றுக்கு 90 என்பதைக் கண்டால் நிச்சயம் என்று நம்பி, தவறினால் கோபம் கொள்கிறார்கள் அல்லவா? அந்த நம்பிக்கைக்கு இணங்க எண்ணைச் சற்றே வளைத்துக் கொடுத்திருக்கிறது. ஆகையால், குறி தவறாமையைப் பத்துப் புள்ளி கூட்டும் மேம்பாடு ஒன்று கையில் இருந்தால், அதை 90-இல் நிற்கும் வில்லாளிக்குக் கொடுப்பது இரண்டு புள்ளி லாபம். 60-இல் தடுமாறும் கோடரிக்காரனுக்குக் கொடுப்பது பதினாலு புள்ளி லாபம். கவசத்தில் உள்ளவனுக்கே கொடு என்று சொன்ன அதே சாஸ்திரம் இங்கே இல்லாதவன் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டறைக்குள்ளே நடக்கும் கணக்கு. பட்டறைக்கு வெளியே நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. அதைக் காட்டுவதற்குக் காரைக்காலின் சொந்தச் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊர், அவர்களுக்குத் தஞ்சைச் சீமையின் நெல்லுக்கும் துணிக்கும் வாயிலாக இருந்தது. 1758-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய லாலி என்ற தளபதி, வந்த வேகத்தில் கூடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் பிடித்துவிட்டார். அடுத்து சென்னையைப் பிடிக்கப் பணம் வேண்டியிருந்தது. தஞ்சை மன்னர் பிரதாபசிங்கர் எப்போதோ எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை வசூலிக்கப் புறப்பட்ட லாலியின் படை காரைக்கால் வந்து, நாகூரைச் சூறையாடி, கீழ்வேளூர்க் கோயிலைக் கலக்கி, தஞ்சைக் கோட்டைக்கு முன் பீரங்கிகளை நிறுத்தியது. மதிலில் பிளவும் விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே புகுவதற்கு வேண்டிய வெடிமருந்து கையில் போதவில்லை, சோறும் போதவில்லை. அந்தச் சமயத்தில், நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆங்கிலத் தளபதி போகாக்கின் கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி தாஷேயின் கப்பல்களை மோதிச் சிதைத்தன என்ற செய்தி வந்தது. கப்பல் போனால் காரைக்கால் போகும். காரைக்கால் போனால் தஞ்சையில் நிற்கும் படைக்கு வரும் வழியும் இல்லை, போகும் வழியும் இல்லை. சில நாட்களுக்குள் முற்றுகையை எடுத்துக்கொண்டு, பசியோடும் தஞ்சைக் குதிரைப்படையின் துரத்தலோடும் லாலி காரைக்காலுக்குத் திரும்பினபோது, அரசலாற்று முகத்துக்கு எதிரே ஆங்கிலக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டார்.

இதை ஓர் ஆட்டக்காரனின் கண்ணால் பாருங்கள். லாலியின் பீரங்கிகளில் குறையில்லை. மதிலை உடைத்ததே அதற்குச் சாட்சி. காலாட்படையிலும் குறையில்லை. அவர் செலவிட்டதெல்லாம் தாக்கும் கையின் நுனியில். யுத்தத்தை முடித்துவைத்த குறையோ, காரைக்காலிலிருந்து தஞ்சைவரை வரவேண்டிய மருந்து வண்டியிலும், காரைக்காலுக்கு எதிரே நிற்கவேண்டிய கப்பலிலும் இருந்தது. இன்னும் பத்துப் பீரங்கிகள் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தாலும் அவற்றுக்கு இடவும் மருந்து இருந்திராது. இரண்டு ஆண்டுக்குள், 1760 ஏப்ரலில், காரைக்காலும் ஆங்கிலேயர் வசமாயிற்று; 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போயிற்று; 1766-ல் பாரிஸில் லாலியின் தலையும் போயிற்று. அந்தத் தண்டனை அநியாயமானது என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும், சேனையின் மிகச் சிறந்த அங்கத்தை மேலும் சிறப்பிக்கும் ஆசையும், சேனையைத் தாங்குகிற தாழ்ந்த அங்கத்தைக் கவனியாத அலட்சியமும் அவரிடம் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆட்டத்தில் இந்தத் தாழ்ந்த அங்கம் பெரும்பாலும் வைத்தியம் செய்கிறவளாக இருக்கும். அவளுடைய கைக்கோலை மேம்படுத்தினால் அவள் வித்தை இன்னும் இரண்டு கட்டம் எட்டிச் செல்லும் என்று கொல்லன் சொன்னால், கதாநாயகனின் வாளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மீனவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்கப்படுகின்றன. இருக்கிற பணத்தில் எஞ்சினை இறக்கிப் பார்ப்பதா, புது வலை வாங்குவதா, அடிப்பலகையை மாற்றுவதா, ஐஸ் வைக்கும் அறையைச் சரிசெய்வதா என்ற கேள்வி ஒவ்வொரு படகுக்காரர் முன்னும் நிற்கும். பெரிய வலை பெரிய மீனைக் கொண்டுவரும். ஐஸ் அறை ஒழுகினால் அந்த மீன் கரைக்கு வரும்போது கருவாட்டுக்கும் ஆகாது.

மேம்படுத்துவதில் இன்னொரு நோய் உண்டு. அது லாலியின் நோய்க்கு நேர்மாறானது. சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பது. அபூர்வமான கல் ஒன்று கிடைத்தால், இதைவிட அவசியமான சமயம் ஒன்று வரும், இதைவிடத் தகுதியான வாள் ஒன்று கிடைக்கும் என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்து, கடைசி அசுரனையும் பழைய துருப்பிடித்த ஆயுதங்களோடு தட்டுத்தடுமாறிக் கொன்றுவிட்டு, கதை முடிந்து பெயர்கள் திரையில் ஓடும்போது பெட்டி நிறையக் கற்களோடு உட்கார்ந்திருப்பார்கள் சில மகானுபாவர்கள். ‘த்ரீ ஹவுசஸ்’ ஆட்டத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கத் தேவைப்படும் பொருள்களில் ஒன்று வூட்ஸ் எஃகு. ஈரோட்டுக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மூசை வைத்து உருக்கிய சான்றுகள் கிடைத்திருக்கும் நம் தென்னாட்டு எஃகேதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடே அதன் ரகசியத்தை அறிய லண்டனில் ஆராய்ச்சிகள் செய்தார். அத்தனை கீர்த்தி பெற்ற எஃகை ஜப்பானியர் ஆட்டத்தில் கண்டு பெருமைப்பட்டுக்கொண்டு, அதைச் செலவிட மனமின்றிப் பெட்டியில் பூட்டிவைப்பதில் தேசாபிமானம் வேண்டுமானால் இருக்கலாம். யுத்தத்துக்குப் பிரயோசனம் இல்லை. அந்த ஆட்டத்தில் ஆயுதம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வது. தேய்கிற பொருளைத் தேயாமல் காக்க நினைப்பவனுக்கு அது இருந்தும் இல்லாததே.

செலவிடத் தயங்குவதற்கு ஒரே ஒரு நியாயமான காரணத்தை நான் ஒப்புக்கொள்வேன். ‘ட்ரையாங்கிள் ஸ்ட்ராட்டஜி’யில் முக்கியமான தீர்மானங்களைத் தலைவன் தனியாக எடுப்பதில்லை, தோழர்கள் எழுவர் தராசில் தங்கள் வாக்கை இட்டு முடிவு செய்கிறார்கள். கதையின் பிற்பகுதியில் எந்த வழி தேர்ந்தெடுக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து, ஆரம்பமுதல் உடனிருந்த தோழர் ஒருவர் மனம் கசந்து பிரிந்துவிடவும் கூடும். ஆயுதம் அவருக்கே உரியதாகையால் அதன்மேல் இட்ட இரும்பும் மரமும் அவரோடு போகும். அதை அஞ்சி யாருக்கும் செலவிடாதிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். முன்கூட்டியே முடிவை விசாரித்துத் தெரிந்துகொண்டு, பிரியப்போகிறவருக்கு ஒரு துண்டு இரும்பும் கொடுக்காத கெட்டிக்காரர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டாம் ரகத்தாரின் சாமர்த்தியத்தை மெச்சலாம். அவர்களோடு கூட்டு வியாபாரம் செய்ய எனக்குத் துணிவில்லை.

கைபேசியில் இலவசமாக வரும் ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பலவற்றில் இரும்பும் கல்லும் நிஜமான ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. நமக்கு எது பற்றாமல் போகவேண்டும் என்பதைக் கடைக்காரனே தீர்மானித்துவிட்டுக் கடை திறக்கிறான். அங்கே மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது; பர்ஸை மூடிவைப்பது ஒன்றே வியூகம்.

காசு செலவின்றி இந்தக் கலையைப் பழக விரும்புகிறவர்களுக்கு ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற ஆட்டத்தைச் சொல்வேன். டேவிட் வைட் என்பவர் 2003-ல் தொடங்கி, பிறகு உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து வளர்த்தது அது. சாதாரணக் கணினியில் ஓடும். அதில் ஈட்டிக்காரன் ஒருவன் போதுமான அனுபவம் பெற்றதும், அவனை வாள்வீரனாக்குவதா, நீண்ட ஈட்டி ஏந்தியவனாக்குவதா, எறியீட்டி வீரனாக்குவதா என்று ஆட்டம் நம்மைக் கேட்கும். எதிரே குதிரைப்படை நின்றால் நீண்ட ஈட்டியையே தேர்ந்தெடுப்பது என் வழக்கம். பாய்ந்து வருகிற குதிரை தன் வேகத்தாலேயே அதில் செருகிக்கொள்ளும். ஆனால் சில அத்தியாயங்களில் எதிரே வருவது எலும்புக்கூட்டுப் படை. காரைக்காலில் எலும்பும் நரம்புமான பேயுரு என்றால் நாங்கள் கைகூப்பி வணங்கும் காரைக்கால் அம்மையாரின் நினைவுதான் வரும். அந்த ஆட்டத்துப் பேய்களோ வேறு ஜாதி. எலும்பில் குத்துவதற்குச் சதை இல்லாததால் ஈட்டியும் வாளும் அவற்றை அரைகுறையாகவே தொடும். எந்த அளவு கூராக்கினாலும் கணிசமான பகுதி பலம் வீணே போகும். அப்போது ஈட்டிக்காரனுக்கு என்ன பதவி உயர்வு கொடுப்பது என்ற ஆலோசனையை அடியோடு நிறுத்திவிட்டு, அவனைப் பின்வரிசைக்கு அனுப்பி, இருக்கிற பொன்னைக் கொண்டு தீ எறியத் தெரிந்த ஒரு கற்றுக்குட்டி மந்திரவாதியையும், கதாயுதம் தூக்கிய ஒரு பருத்த காலாளையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டு மேலே நடக்கவேண்டியதுதான்.